அமெரிக்க முஸ்லிம்கள் குறித்த பியூ ஆய்வு மையத்தின் 2017 அறிக்கை: ஒரு மதிப்பீடு

அமெரிக்க முஸ்லிம்களின் அரசியல் மனநிலை பற்றி எழுதவோ பேசவோ முற்படும் எவரும் முதலில் படிக்க வேண்டியது, மக்கள் கருத்துகளை ஆராயும் அமெரிக்க அமைப்பான பியூ ஆய்வு மையம் 2017 ஜூலையில் வெளியிட்ட கருத்துக்கணிப்பு அறிக்கை என்று தயக்கமின்றிச் சொல்வேன். அது இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது; கேட்கப்பட்ட கேள்விகள் அனைத்தும் அப்படியே இணைக்கப்பட்டுள்ளன.

அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எவரிடமும் மதத்தைக் கேட்பதில்லை. ஆகவே, மக்கள்தொகையில் 1 சதவீதத்தை ஒட்டிய ஒரு சமூகத்தைத் தொலைபேசி வழியே தேடிக் கண்டடைவதே பெரும் உழைப்பு. 2017 ஜனவரி இறுதி முதல் மே தொடக்கம் வரை ஆங்கிலம், அரபு, பாரசீகம், உருது ஆகிய 4 மொழிகளில் 1,001 பேரிடம் பேசியிருக்கிறார்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது கேள்விகளின் நேர்மை. முந்தைய ஓராண்டில் பாகுபாட்டை ஒரு முறையேனும் சந்தித்ததாக 48 சதவீதத்தினர் கூறினர். அதே காலத்தில், முஸ்லிம் என்பதற்காகவே யாரோ ஒருவர் தமக்கு ஆதரவு தெரிவித்ததாகக் கூறியவர்கள் 49 சதவீதத்தினர். முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளாமல் இரண்டாவதையும் கேட்டதால்தான் அம்மக்களின் அன்றாட வாழ்க்கை முழுமையாகப் புலப்படுகிறது. அமெரிக்கராக இருப்பதில் பெருமை கொள்வதாக 92 சதவீதத்தினரும், முஸ்லிமாக இருப்பதில் பெருமை கொள்வதாக 97 சதவீதத்தினரும் சொல்லியிருப்பது, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வாதிடுவோருக்கு நேரடியான பதில்.

குறையென்று நான் கருதுவது தேர்தல் பங்கேற்பு பற்றிய பகுதியை. 2016 அதிபர் தேர்தலில் வாக்களித்த முஸ்லிம்களில் 78 சதவீதத்தினர் ஹிலாரி கிளின்டனையும் 8 சதவீதத்தினர் டொனால்ட் டிரம்ப்பையும் ஆதரித்தனர் என்பதே செய்திகளில் அதிகம் அடிபட்டது. ஆனால் வாக்குரிமை பெற்ற முஸ்லிம்களில் 44 சதவீதத்தினரே வாக்களித்ததாகக் கூறியுள்ளனர். நாட்டு அளவில் அது 60 சதவீதம். தகுதியுள்ளோரை மட்டுமே கணக்கில் கொண்டிருப்பதால், குடியுரிமை இல்லாததைக் காரணமாகக் காட்டவும் இயலாது. இந்த இடைவெளிக்கு ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கலாம்.

வங்காளமோ சோமாலியோ மட்டும் அறிந்தவர்களின் குரல் இதில் பதிவாகவில்லை. பிழை வரம்பு, அதாவது கணிப்பின் எண் உண்மை நிலையிலிருந்து விலகியிருக்கக்கூடிய அளவு, கூட்டியும் குறைத்தும் 5.8 சதவீதப் புள்ளிகள் என்பதால், கறுப்பின முஸ்லிம்கள், இளைஞர்கள் என்று உட்பிரிவுகளாகப் பிரிக்கும்போது எண்களை இன்னும் எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். ஆய்வுமுறை பற்றிய பகுதியை முதலில் படித்துவிட்டு, இதே மையத்தின் 2007, 2011 கணிப்புகளையும் அருகில் வைத்துக்கொண்டு வாசித்தால் இவ்வறிக்கையின் பயன் முழுமையாகக் கிடைக்கும்.