குயிதாதோ தெ சலூத்: ஸ்பானிய மொழிக் காப்பீட்டுத் தளம் யாருக்குப் பயன்படுகிறது?

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுச் சந்தைக்கு ஸ்பானிய மொழியில் அமைந்த வாசல் ‘குயிதாதோ தெ சலூத்’ என்னும் இணையதளம். 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ அவர்களுள் ஸ்பானியம் பேசும் நாடுகளின் வழிவந்தவர்களான ஹிஸ்பானியர் முன்வரிசையில் இருந்தனர்; அப்போது 65 வயதுக்குட்பட்ட ஹிஸ்பானியரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காப்பீடு இல்லை. ஆயினும் ஆங்கிலத் தளம் 2013 அக்டோபர் 1 அன்று தட்டுத்தடுமாறித் திறந்தபோது, ஸ்பானியத்தில் விண்ணப்பிக்கும் வசதி டிசம்பரில்தான் கிடைத்தது. ஆறு மாதப் பதிவுக் காலத்தில் இரண்டு மாதங்கள் அதற்குள் கழிந்திருந்தன.

வந்த தளமும் குறையோடுதான் வந்தது. கணினி மொழிபெயர்த்ததைப் போல இருக்கிறது என்று ஸ்பானியம் பேசுவோர் குறை கூறினர். ஸ்பானிய விளக்கத்தைப் படித்துவிட்டு மேலே சென்றால் ஆங்கிலப் படிவம் திறந்த இடங்களும் உண்டு. பிரீமியத்தைக் குறிக்க ‘பிரிமா’ என்று எழுதியிருந்தார்கள். அகராதிப்படி அது சரியான சொல்தான் என்றாலும், வாழ்நாளில் காப்பீடே வாங்கியிராத ஒருவருக்கு அச்சொல் முதலில் நினைவூட்டுவது சித்தப்பா மகளையோ மாமன் மகளையோதான்.

அந்தக் குறைகள் பெரும்பாலும் நீங்கிவிட்டன. கணக்குத் தொடங்காமலேயே வயது, வருமானம், ஊர் ஆகியவற்றைத் தந்து திட்டங்களின் விலையைப் பார்க்க முடிவது இதன் சிறந்த அம்சம். ஆனால் மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்து ‘வெண்கல’ வகைத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர், காப்பீடு பெரும்பாலான செலவுகளை ஏற்கத் தொடங்குமுன் தாமே பல ஆயிரம் டாலர் செலுத்த நேரலாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இணையப் பழக்கம் குறைந்தவர்களுக்குத் தளத்தைவிட, ஸ்பானியத்தில் பேசும் கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவையே உகந்தது.

எனினும் எவ்வளவு நல்ல ஸ்பானியமும் சட்டம் அடைத்த கதவைத் திறக்காது. குடியேற்ற ஆவணம் இல்லாதவர் தம் முழுப் பணத்தையும் கொடுத்தாலும் இச்சந்தையில் காப்பீடு வாங்க இயலாது. டெக்சாஸ், ஃபுளோரிடா ஆகிய மாநிலங்கள் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடாகிய மெடிக்கெய்டை விரிவாக்க மறுத்துவிட்டதால், குழந்தைகள் இல்லாத ஏழைத் தொழிலாளி ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே சம்பாதிப்பதாலேயே சந்தையில் காப்பீடு வாங்க அரசு தரும் மானியத்தையும் இழக்கும் விந்தை அங்கே நிகழ்கிறது. இவர்கள் வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் சமூக நல மருத்துவமனைகளை நாடுகிறார்கள். எல்லையோரத்தில் வாழ்பவர்கள், மெக்சிகோவின் லாஸ் அல்கோதோனெஸ் போன்ற ஊர்களுக்குச் சென்று பல் வைத்தியம் செய்துகொண்டு மருந்தும் வாங்கி வருகிறார்கள். மற்றபடி வலி தாங்க முடியாமல் போகும்வரை பொறுத்திருந்து, 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி யாரையும் பரிசோதிக்காமல் திருப்பி அனுப்ப முடியாத அவசரச் சிகிச்சைப் பிரிவில் போய் நிற்கிறார்கள்.

ஆவணமில்லாத பெற்றோர் அமெரிக்காவில் பிறந்த தம் பிள்ளைகளுக்காக விண்ணப்பிக்கத் தடையில்லை. காப்பீடு கேட்காத பெற்றோரின் குடியேற்ற நிலையைக் கூற வேண்டியதும் இல்லை. விண்ணப்ப விவரங்களைக் கொண்டு குடியேற்ற நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்று குடியேற்ற அமலாக்கத் துறையே 2013இல் எழுத்தில் உறுதியளித்தது. ஆனால் 2025இல் மெடிக்கெய்ட் பயனாளர் விவரங்கள் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு அளிக்கப்பட்ட செய்தி வெளியான பிறகு, அந்த உறுதிமொழியை நம்பிப் பிள்ளையின் பெயரோடு வீட்டு முகவரியையும் நிரப்பித் தருமாறு அவர்களிடம் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.