சிசுப் பராமரிப்பு நிலையமா, இல்லப் பணிப்பெண்ணா? சிங்கப்பூரில் வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு ஓர் அலசல்

சிங்கப்பூர்க் குடிமகனாகப் பிறக்கும் குழந்தையின் தாய்க்கு, தகுதி இருந்தால், சம்பளத்துடன் 16 வார மகப்பேற்று விடுப்பும் தந்தைக்கு 4 வார விடுப்பும் கிடைக்கின்றன. இவற்றுடன் இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பாக 2025 ஏப்ரல் முதல் 6 வாரம் சேர்க்கப்பட்டது; 2026 ஏப்ரல் முதல் அது 10 வாரமாக உயர்த்தப்பட்டுள்ளது. எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தாலும் மொத்தம் 30 வாரம்தான். ஏழாவது மாதத்தில், இன்னும் தவழக்கூடத் தொடங்காத ஒரு குழந்தையை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டுக்கும் வந்துவிடுகிறது. எங்கள் மகளுக்கு ஐந்து மாதம் இருந்தபோதே அந்த முடிவை எடுக்க வேண்டியிருந்தது. பணிப்பெண்ணை அமர்த்துவதா, அரசாங்க ஆதரவு பெறும் சிசுப் பராமரிப்பு நிலையத்தில் சேர்ப்பதா என்று நீண்ட நாள் பேசி, நிலையத்தையே தேர்ந்தெடுத்தோம். அந்தத் தெரிவின் பக்கமே நான் நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்து பார்த்துக்கொள்ளும் வழியை இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல முதலில் யோசிக்கின்றன. குறுகிய கால வருகை அனுமதியில் வருபவர் பிள்ளை பெற்ற முதல் வாரங்களுக்குப் பெருந்துணையாக இருப்பார். ஆனால் ஒன்றரை ஆண்டு வளர்ப்புக்கு அந்த அனுமதியை நம்பித் திட்டமிட முடியாது. தாத்தா பாட்டி சிங்கப்பூரிலேயே குடியிருந்து, உடல்நலத்தோடும் விருப்பத்தோடும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் அதற்கு ஈடான ஏற்பாடு வேறில்லை. அவ்வாறு உதவி பெறும் வேலைக்குச் செல்லும் தாய்க்கு 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரி நிவாரணமும் உண்டு. அந்த வாய்ப்பு இல்லாத வீடுகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டுக்கும் அரசாங்கம் கைகொடுக்கிறது, ஆனால் ஒரே அளவில் அல்ல. 16 வயதுக்குக் குறைந்த குடிமகப் பிள்ளை உள்ள வீட்டில் பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குச் செலுத்தும் மாதத் தீர்வை 300 வெள்ளியிலிருந்து 60 வெள்ளியாகக் குறைகிறது. சம்பளம், முகவர் கட்டணம், காப்புறுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, சாப்பாடு ஆகியவை நம் பொறுப்பு. முன்பிருந்த தீர்வைக்கான வருமான வரி நிவாரணமும் 2025 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. சிசுப் பராமரிப்பிலோ, வேலைக்குச் செல்லும் தாயின் குடிமகக் குழந்தைக்கு மாதம் 600 வெள்ளி அடிப்படை மானியம் கிடைக்கிறது. குடும்பத்தின் மாத வருமானம் 12,000 வெள்ளிக்கு மேற்படாவிட்டால் வருமானத்தைப் பொறுத்து 710 வெள்ளி வரை கூடுதல் மானியமும் உண்டு. பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் அரசாங்கம் போடும் பணத்தை நிலையத்தின் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம். பணிப்பெண்ணின் சம்பளத்துக்குப் பயன்படுத்த முடியாது. நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்போரும் இந்தக் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏனெனில் குழந்தை குடிமகனாக இல்லாவிட்டால் மேற்சொன்ன மானியங்கள் கிடைப்பதில்லை.

ஒற்றைக் குழந்தை உள்ள நடுத்தரக் குடும்பத்துக்கு முதல் 18 மாதங்களில் இரண்டு வழிகளின் செலவும் ஏறத்தாழ அருகருகே வந்து நிற்கும். அதன்பின், 18 மாதத்துக்கு மேற்பட்டோருக்கான குழந்தைப் பராமரிப்புக்கு மாறும்போது நிலையம் தெளிவாகவே மலிவாகிவிடுகிறது. அரசாங்க நிதி பெற்று, கட்டண வரம்புக்கு உட்பட்டு இயங்கும் நிலையங்கள் ஆங்கர், பார்ட்னர் என்ற இரு திட்டங்களில் அடங்கும். 2026இல் ஆங்கர் திட்டத்தின்கீழ் இயங்கும் நிலையங்களின் முழுநாள் குழந்தைப் பராமரிப்புக் கட்டண உச்சவரம்பு, பொருள் சேவை வரிக்கு முன், 610 வெள்ளி. அதில் 300 வெள்ளி அடிப்படை மானியத்தைக் கழித்தால் மிஞ்சுவது 310 வெள்ளி. பார்ட்னர் திட்ட நிலையங்களுக்கு வரம்பு 650 வெள்ளி. இரண்டு, மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தக் கணக்கு பணிப்பெண்ணின் பக்கம் சாயலாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது பணம் அன்று. குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் ஒருநாள் வர இயலாமற்போனால் அந்த இடத்தில் யார் நிற்பார் என்ற ஒரே கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிந்தது. இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உறவினர்களும் நண்பர்களும் அறிவுரை சொல்லும்போது இந்தக் கேள்வியை அநேகமாக யாரும் எழுப்புவதில்லை.

பணிப்பெண் ஏற்பாட்டில் குழந்தையின் பகல் முழுவதும் ஒரே ஒருவரின் தோளில் இருக்கிறது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று இல்லை. அவருடைய ஊரில் பெற்றோர் நோயுற்றாலோ, விட்டுவிட்டு வந்த சொந்தப் பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தாலோ அவர் போக வேண்டும், போகவும் அவருக்கு முழு உரிமை உண்டு. எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே ஒரு குடும்பத்தில் பணிப்பெண்ணின் தந்தை இறந்த செய்தி இரவில் வந்து, மறுநாள் மாலை அவர் விமானம் ஏறிவிட்டார். அந்த வீட்டில் கணவனும் மனைவியும் மாறி மாறி விடுப்பெடுத்து, விடுப்பு தீர்ந்தபின் மனைவி சம்பளமில்லா விடுப்பில் இருந்து, புதியவர் வந்து சேரும்வரை திண்டாடினார்கள். புதியவரைத் தேடுவது முகவரிடம் படிவங்களைப் பார்ப்பதோடு முடிவதில்லை. நேர்காணல், அனுமதி, பயணம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்து அவர் வந்தபிறகும், குழந்தை அவரிடம் பழகுவதற்கென்று ஒரு காலம் தேவைப்படுகிறது. ஒப்பந்தம் பெரும்பாலும் ஈராண்டுக்கானது. அது நல்லபடியாக முடிந்தாலும் அடுத்த ஈராண்டுக்கு அவரே தொடர்வார் என்பதற்கு உறுதியில்லை.

இதில் பணிப்பெண்ணின்மீது எந்தக் குறையும் இல்லை. சிங்கப்பூரில் சுமார் 3 லட்சம் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள், பல குடும்பங்கள் அவர்களுடைய உழைப்பால்தான் நடக்கின்றன. குறை ஏற்பாட்டில் இருக்கிறது. முதன்முறை வேலைக்கு வருபவருக்குக் கட்டாயமாக்கப்பட்ட அறிமுக வகுப்பு ஒரே நாளில் முடிகிறது. கைக்குழந்தையை வளர்ப்பதற்கான பயிற்சி அதன் நோக்கமும் அன்று. அப்படி வருபவரிடம் சமையலையும் துணி துவைப்பதையும் வீடு துடைப்பதையும் ஒப்படைத்துவிட்டு, கூடவே ஐந்து மாதக் குழந்தையையும் கொடுக்கிறோம். நாம் வேலைக்குப் போய்த் திரும்பும் பதினோரு மணி நேரத்தில் அவருக்கு ஐந்து நிமிட ஓய்வு தர வீட்டில் இன்னொருவர் இல்லை. குழந்தை விடாமல் அழும் ஒரு பிற்பகலில் அது இருவருக்குமே பாரமாகிவிடும். வாரம் ஒருநாள் ஓய்வு அவருக்குச் சட்டப்படி உரியது. 2023 முதல் மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுசெய்யாமல் ஓய்வாகவே விட்டாக வேண்டும். அது நியாயமான விதி. ஆனால் வீட்டில் கண்காணிப்புக் கேமரா பொருத்துவதைப் பற்றிப் பேசும் அளவுக்கு அந்த ஓய்வைப் பற்றிப் பேசும் முதலாளிகளை நான் அதிகம் கண்டதில்லை.

நிலையத்தில் இந்தப் பொறுப்பு ஒருவரிடமிருந்து ஓர் அமைப்புக்கு மாறுகிறது. 2 முதல் 18 மாதம் வரையிலான குழந்தைகள் ஐவருக்கு ஒருவர் என்ற விகிதம் விதியாகவே இருக்கிறது. ஒருவர் வராவிட்டால் வேறொருவரை நிறுத்தி அந்த விகிதத்தைக் காப்பது நிலையத்தின் கடமை, நம்முடைய கவலை அன்று. அரசாங்கத்தின் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு உரிமம் வழங்குகிறது, சோதனைக்கு வருகிறது. 2019இல் நடப்புக்கு வந்த பாலர் பருவ மேம்பாட்டு நிலையங்கள் சட்டம் அதற்கு வேண்டிய அதிகாரத்தைத் தந்திருக்கிறது. எங்கள் மகளை முக்கியமாகப் பார்த்துக்கொண்ட ஆசிரியை மகப்பேற்று விடுப்பில் சென்றபோது, அதே அறையில் தினமும் அவளுக்குப் பாலூட்டிப் பழகியிருந்த இன்னோர் ஆசிரியை அவளை வாசலில் வாங்கிக்கொண்டார். எங்கள் வேலைநாளில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. நிலையங்களிலும் ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பது உண்மை, ஒரு முகம் மறைவதைக் குழந்தை உணரவும் செய்கிறது. ஆயினும் அறை, தொட்டில், தூங்கும் நேரம், மற்ற முகங்கள் ஆகியவை அப்படியே இருப்பதால் அந்த மாற்றத்தை அவளால் தாங்க முடிந்தது.

காலையில் வாசலில் நடப்பதையும் சொல்ல வேண்டும். குழந்தையை உள்ளே வாங்குமுன் நெற்றியில் வெப்பமானியைக் காட்டுகிறார்கள், இரு உள்ளங்கைகளையும் பாதங்களையும் திருப்பிப் பார்க்கிறார்கள், சிறு விளக்கை அடித்து வாய்க்குள் பார்க்கிறார்கள். கொப்புளம் ஏதும் இல்லையென்றால் உள்ளே. சிவந்த புள்ளி ஒன்று தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று திருப்பிவிடுவார்கள். கை, கால், வாய்ப்புண் நோய் பரவும் காலத்தில் அந்தக் கண்டிப்பு மற்றக் குழந்தைகளைக் காக்கிறது. ஆனால் திருப்பி அனுப்பப்பட்ட குழந்தையின் பெற்றோர் அன்று வேலைக்குப் போக முடியாது.

நிலையத்தின் உண்மையான பலவீனம் இதுதான். பணிப்பெண் ஏற்பாட்டில் பராமரிப்பவர் இல்லாத நாள் கடினம் என்றால், நிலைய ஏற்பாட்டில் குழந்தைக்கு உடம்பு முடியாத நாள் கடினம். பலர் கூடும் இடத்தில் முதல் ஆண்டில் சளியும் காய்ச்சலும் அடிக்கடி வரும். இரண்டையும் எடைபோட்டபோது எனக்குப் பட்டது இதுதான்: குழந்தையின் நோய் சில நாளில் தீரும், அந்த நாள்களில் பெற்றவர்கள் அருகில் இருப்பதும் நல்லதே. பராமரிப்பவர் திடீரென்று இல்லாமற்போகும் நிலையோ வாரக் கணக்கில் நீளக்கூடியது. வேலையில் விடுப்பே கேட்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தராசு வேறு பக்கம் சாயும். சுழல்முறையில் இரவுப் பணி செய்யும் தாதியருக்கும் பாதுகாவல் ஊழியர்களுக்கும் காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும் நிலையம் பாதித் தீர்வுதான். எங்கள் இருவருக்கும் அலுவலக நேர வேலை என்பதால் அவர்களுடைய இடத்திலிருந்து என்னால் உறுதியாகப் பேச முடியாது.

மூன்றாவதாக ஒரு வழியும் இப்போது திறந்திருக்கிறது. 2 முதல் 18 மாதக் குழந்தைகளைத் தங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்துப் பொது இடத்திலோ வைத்துப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்களுக்கான முன்னோடித் திட்டத்தை அரசாங்கம் 2024இல் அறிவித்தது. நியமிக்கப்பட்ட நிறுவனங்கள் இந்தப் பராமரிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகின்றன. குழந்தைகள் கூட்டமாக இராததால் நோய்த் தொற்று குறையலாம்; அதே புளோக்கில் அனுபவமுள்ள ஒரு பெண்மணி கிடைத்தால் அது பாட்டி வீட்டுக்கு நிகரான ஏற்பாடாகவும் அமையலாம். ஆனால் ஒருவரையே சார்ந்திருக்கும் அதே சிக்கல் இங்கும் எழ இடமுண்டு. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி மட்டுமே அதைப் பயன்படுத்தி மனநிறைவோடு இருக்கிறார்கள். அதை வைத்து நல்லது கெட்டது என்று முடிவு சொல்வது முறையாகாது. நிறுவனத்தை அணுகுபவர்கள், பராமரிப்பாளர் வராத நாளில் என்ன மாற்று என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

தமிழ் வாசகர்கள் கட்டாயம் கேட்கும் மொழிக் கேள்வியில் இரண்டு வழிகளும் ஏறக்குறைய ஒன்றே. பணிப்பெண் இந்தோனேசியராகவோ பிலிப்பீனோவாகவோ மியன்மாரைச் சேர்ந்தவராகவோ இருந்தால் பகலில் குழந்தை தமிழ் கேட்பதில்லை. தமிழ் பேசுபவரை அமர்த்தும் வீடுகளுக்கு மட்டும் இதில் பெரிய நன்மை உண்டு. நிலையங்களில் தமிழ் ஆசிரியர் கிடைப்பது அரிது, பிற்பாடு பாலர் வகுப்புக்குப் போகும்போதும் தாய்மொழியாகத் தமிழ் வழங்கும் நிலையமா என்று தேடித்தான் சேர்க்க வேண்டும். கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் தமிழ் உண்டு என்றாலும் அவை ஐந்து, ஆறு வயதினருக்கானவை. அதுவரை மாலையும் வார இறுதியும் நம் கையில் இருக்கின்றன. எங்கள் மகள் நிலையத்தில் ஆங்கிலமும் மாண்டரின் பாட்டுகளும் கேட்டு வருகிறாள், வீட்டில் நாங்கள் தமிழைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. அவளுடைய முதல் சொற்கள் தமிழில்தான் வந்தன.

நிலையத்தை நாடுபவர்கள் கருவுற்ற மாதங்களிலேயே பெயரைப் பதிவது அவசியம். செங்காங், பொங்கோல் போன்ற இளம் குடும்பங்கள் நிறைந்த வட்டாரங்களில் சிசுப் பராமரிப்பு இடங்கள் சீக்கிரம் நிறைந்துவிடுகின்றன. வீட்டுக்கு அருகிலா, வேலையிடத்துக்கு அருகிலா என்று கேட்டால் வீட்டுக்கு அருகில் என்பேன். காய்ச்சல் வந்த குழந்தையை எம்ஆர்டி ரயிலில் தூக்கிக்கொண்டு வருவது கொடுமை.

கொள்கையளவில் அரசாங்கம் இன்னும் செய்ய வேண்டியது இந்த நோய் நாள்களில்தான் இருக்கிறது. ஏழு வயதுக்குக் குறைந்த குடிமகப் பிள்ளை உள்ள பெற்றோருக்கு ஆண்டுக்குத் தலா 6 நாள் சம்பளத்துடன் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு என்பதே 2025ஆம் ஆண்டு நிலவரம். பிள்ளைகள் இருவரோ மூவரோ ஆனாலும் அதே 6 நாள்தான். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்காக 2024 முதல் தலா 12 நாளாக உயர்த்தப்பட்ட சிசுப் பராமரிப்பு விடுப்புக்குச் சம்பளம் இல்லை. மாதச் சம்பளத்தை எண்ணி வாழும் குடும்பம் அதைத் தொடத் தயங்கும். அந்த 12 நாளில் பாதிக்காவது சம்பளம் வழங்கினாலும், பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப விடுப்பை உயர்த்தினாலும், பணிப்பெண்ணைத் தவிர வேறு வழியில்லை என்று இன்று நினைக்கும் பல குடும்பங்கள் நிலையத்தின் கதவைத் தட்டும்.