சிறிய ஈக்களுக்கு நேர்காது: டிஎம்சி 101 தூண்டில் முள்

ட்ரௌட் மீனைப் பிடிக்க, முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சிபோன்ற செயற்கை ஈ கட்டுகிறவர்கள் தூண்டில் முள்ளின் அளவையும் கம்பியின் தடிமனையும் பார்த்து வாங்குகிறார்கள். தூண்டில் நரம்பைக் கோக்கும் துளையான காதைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. ஜப்பானின் டியம்கோ நிறுவனம் செய்யும் டிஎம்சி 100, டிஎம்சி 101 ஆகிய இரண்டிலும் மாறி மாறிக் கட்டிப் பார்த்தபின், சிறிய அளவுகளிலாவது முதலில் பார்க்க வேண்டியது காதைத்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

இரண்டுமே மெல்லிய கம்பியும், முனைக்கும் தண்டுக்கும் இடையே அகன்ற வாயும் கொண்ட, மிதக்கும் ஈக்களுக்கான முட்கள். 100-இன் காது முள்முனை இருக்கும் பக்கமாகக் கீழே வளைந்திருக்கிறது. 101-இன் காது தண்டின் நேர்கோட்டிலேயே நிற்கிறது. 12, 14 அளவுகளில் இந்த வேறுபாட்டை மீனும் உணராது, நாமும் உணர மாட்டோம். எண் கூடக் கூட முள் சிறுத்துக்கொண்டே போவதால், 20-ஐ எட்டும்போது கீழ்வளைந்த காதும் அதில் விழும் முடிச்சும் முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள கொஞ்சநஞ்ச இடத்தை அடைத்துக்கொள்கின்றன. 101-இல் அந்த இடம் முழுவதும் மீனின் உதட்டைப் பற்றுவதற்கே கிடைக்கிறது. அதனால் 18-உம் அதற்கும் சிறிய அளவுகளும் வேண்டியபோது நான் 101-ஐ மட்டுமே வாங்குகிறேன்.

முள்ளின் வாயைத் திறந்து வைப்பதற்குக் காதை மேல்நோக்கி வளைப்பதும் ஒரு வழி. இங்கிலாந்தில் 1879-இல் ஹெச். எஸ். ஹால் என்ற தூண்டில்காரர் முன்வைத்த சிறிய முட்கள் மேல்வளைந்த காது கொண்டவையே. மஸ்டாட் நிறுவனத்தின் 94842 முள் அந்த மரபில் வந்தது. வளைந்த காதுக்கு டர்ல் முடிச்சு மிகப் பொருத்தம்: நரம்பு காதின் வழியே நுழைந்து அதன் பின்னால் தண்டைச் சுற்றி இறுகுவதால், இழுவிசை தண்டின் நேர்கோட்டிலேயே போகிறது. நேர்காதில் டர்ல் முடிச்சு சரியாக அமராது. நரம்பைக் காதில் கோத்து அதன்மேலேயே சுற்றி இறுக்கும் கிளிஞ்ச் முடிச்சே போட வேண்டும். டர்ல் முடிச்சுக்குக் கை பழகியவர்கள் இதை யோசித்துத்தான் மாற வேண்டும்.

101-இல் கட்டும்போது இன்னொரு கவனமும் தேவை. காது தண்டோடு ஒரே கோட்டில் இருப்பதால், தலைப்பகுதியை முடிக்கும்போது நூல் எளிதில் அதன்மேல் ஏறிவிடுகிறது. காதின் நீளத்துக்குத் தண்டை வெறுமையாக விட்டுவிட்டுக் கட்டத் தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை. வார்னிஷ் பூசியவுடன், அது காய்வதற்கு முன்பே, மெல்லிய இறகுத்தண்டு ஒன்றைக் காதினுள் விட்டு இழுத்துவிட வேண்டும். ஆற்றங்கரையில் அந்தி மங்கிய பிறகு அடைபட்ட காதில் நரம்பைக் கோப்பது ஆகாத காரியம்.

எந்த முள்ளானாலும் காது முழுதாக மூடியிருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்துவிடுங்கள். பெயரில்லாத மலிவான பொட்டலம் ஒன்றில், கம்பியின் நுனி தண்டைத் தொடாமல் கூராக நின்று, என் நரம்பை இருமுறை அறுத்துவிட்டது. சால்மன் முட்களில் கம்பியைத் தண்டின்மேலேயே மடித்துப் படியவைத்து வளையக் காது செய்வது இந்தக் கூர்நுனி நரம்பைத் தொடாமல் இருப்பதற்காகத்தான். 20-ஆம் அளவு முள்ளில் அதற்கு இடமில்லை.