புதுப் பாட்டு கேட்க ரேடியோவா, யூடியூபா, ஸ்பொட்டிஃபையா?

கொழும்பில் இருந்துகொண்டு புதுத் தமிழ்ப் பாட்டுகளைத் துரத்துகிறவர்களுக்குக் கையில் இருப்பவை மூன்று: ரேடியோ, இலவச யூடியூப், காசு கட்டும் ஸ்பொட்டிஃபை. என் வாக்கு ஸ்பொட்டிஃபைக்கு. காரணம் ஒலித்தரம் இல்லை, டேட்டா.

ரேடியோவைச் சட்டென்று முடித்துவிடலாம். சக்தி எஃப்எம்மும் சூரியன் எஃப்எம்மும் பாட்டைச் செலவில்லாமல் தரும். எந்தப் பாட்டு எப்போது என்பது மட்டும் நம் கையில் இல்லை. போனில் எஃப்எம் பிடிக்க வயர் இயர்போன் செருகவேண்டும், அந்த வயர்தான் ஏரியல். ஜாக் இல்லாத போன் என்றால் பெரும்பாலும் கதை முடிந்தது.

முதல் ஆளாகக் கேட்பதற்கு யூடியூப்தான். லிரிக் வீடியோ அங்கேதான் விழும், சென்னையில் மாலை 6 மணி என்றால் இங்கேயும் 6 மணி. உள்ளூர்ப் பாடகர்கள் பலர் அங்கே மட்டும்தான் கிடைக்கிறார்கள். ஆனால் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது திரையை அணைத்தால் பாட்டும் நின்றுவிடும். அணைக்காமல் சட்டைப்பைக்குள் போட்டாலோ, யாரும் பார்க்காத படத்துக்கும் சேர்த்து டேட்டா போகும்.

2021இல் இலங்கைக்கு வந்த ஸ்பொட்டிஃபையில் பிரீமியம் எடுத்தால் பாட்டை இறக்கி வைக்கலாம். கணக்குப் பாருங்கள்: 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) தரத்தில் 4 நிமிடப் பாட்டு சுமார் 9.6 எம்பி, 160இல் 4.8 எம்பி. புதுப் பாட்டு பிடித்துப்போனால் ஒரு வாரத்தில் 20 தடவையாவது ஓடும். ஒரு தடவை இறக்கியதோடு செலவு சரி. டேட்டா பக்கேஜில் இரவில் மட்டும் பாவிக்கக் கிடைத்து, வீணாய்ப் போகும் இரவு டேட்டா இதற்கென்றே இருக்கிறது.

இங்கே சறுக்கும் இடங்களும் உண்டு. மொபைல் டேட்டாவில் இறக்கும் செட்டிங் முதலில் அணைந்தே இருக்கும். அதைப் போடாமல் தூங்கினால் காலையில் ஒன்றும் இறங்கியிருக்காது. பேட்டரி சேவர் ஓடினாலும் பாதியில் நிற்கலாம். பாட்டை இறக்கும் முன்பே தரத்தைத் தீர்மானியுங்கள்: ஸ்ட்ரீமிங்குக்கு ஒரு செட்டிங், டவுன்லோடுக்கு வேறொரு செட்டிங். 30 நாளில் ஒரு தடவையாவது இணையத்தில் இணைக்காவிட்டால் இறக்கியது எல்லாம் பூட்டிக்கொள்ளும். சிங்கிளாக வந்த பாட்டு ஆல்பத்தில் மறுபடி வரும்; இரண்டையும் இறக்கினால் இடம்தான் போகும்.

உரிமைச் சண்டை வந்தால் இறக்கி வைத்ததும் தப்பாது. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் நிறுவனத்தின் பாட்டுகள் ஸ்பொட்டிஃபையிலிருந்து காணாமல் போனதை ஹிந்திப் பாட்டு கேட்கிறவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

320க்கும் 160க்கும் வித்தியாசம் கேட்குமா என்றால், பஸ் இரைச்சலில் சாதாரண புளூடூத் இயர்பட்ஸோடு கேட்கிறவருக்குச் சந்தேகம்தான். 160 போதும். யூடியூபுக்கென்றே தனி டேட்டா பக்கேஜ் போட்டிருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். அவர்கள் திரையை அணைக்காமல் வைத்துக்கொள்ளட்டும், பவர் பேங்க் ஒன்றையும் கூடவே கொண்டுபோகட்டும்.