படகு வாடை போக ஒன்பது வருடமாக நான் செய்து பார்த்தவை

2016 மீன்பிடித் தடைக்காலத்தில் சென்னை காசிமேடு துறைமுகத்தில் ஒரு பழைய விசைப்படகு வாங்கினேன். மரப் படகு, மேலே ஃபைபர் பூச்சு, 54 அடி. இன்ஜின் நன்றாக இருந்தது. வங்கு என்கிற விலா மரங்கள், பலகை எல்லாவற்றையும் ஆசாரி தட்டிப் பார்த்து, வாங்கலாம் என்றார். ஒரே குறை வாடை. கேபின் கதவைத் திறந்தால் டீசலும் அழுகின முட்டையும் கலந்தாற்போல முகத்தில் அடிக்கும். மீன் அறையின் மூடியைத் தூக்கினால் அது வேறு தினுசு. "மீன் படகுன்னா அப்படித்தான் இருக்கும்" என்று விற்றவர் சொன்னார். நானும் அன்றைக்கு அதை ஏற்றுக்கொண்டேன்.

அப்படி இருக்க வேண்டியதில்லை என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும். இதைத் தெரிந்துகொள்ள ஒன்பது தடைக்காலம் ஆயிற்று. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு சும்மா நிற்கிறது. பெரும்பாலும் அந்த நாட்களில்தான் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். வீணாகப் போன பணமும் உண்டு, இரண்டு இடத்தில் உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கும். புதிதாகப் படகு எடுக்கிற தம்பிகள் அந்த வழியில் போக வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வாடை ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள், எட்டு பேர் பத்து நாள் தங்கு கடலில் அந்தக் கேபினுக்குள் படுத்து எழுவதை நினைத்துப் பார்க்க வேண்டும். என் படகில் புதிதாக வந்த பையன் அலையால் வாந்தி எடுக்கவில்லை, உள்ளே படுத்ததால் எடுத்தான். அப்புறம் ஏலம். வியாபாரி வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கி நிறம் பார்த்துவிட்டு மூக்கருகே கொண்டு போவார். மீன் அறையின் பழைய வாடை புது மீனில் ஏறியிருந்தால் அந்த நொடியிலேயே விலை இறங்கிவிடும்.

முதல் வருடம் முழுக்க வாடையை மூடப் பார்த்தேன். பினாயில் ஊற்றினேன், பாச்சை உருண்டை கட்டித் தொங்கவிட்டேன். ஒரு கடைக்காரர் கொடுத்த மணக்கும் திரவத்தை லிட்டர் கணக்கில் தெளித்தேன். இரண்டு மணி நேரம் மணக்கும். பிறகு எலுமிச்சை வாசனையோடு சேர்ந்து அதே நாற்றம் வரும், அது இன்னும் மோசம். பாச்சை உருண்டை மூடின கேபினில் தலைவலியைத்தான் கொடுத்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது சாமிக்கு, இன்றைக்கும் போடுகிறோம்.

அடுத்தது பிளீச்சிங் பவுடர். துறைமுகத்தில் எல்லோரும் செய்வது போல நானும் கை கையாக அள்ளித் தூவி, தண்ணி அடித்துத் தேய்க்கச் சொன்னேன். ஒரே சீசனில் மீன் அறைத் தடுப்புப் பலகைகளின் மேல்தோல் பஞ்சு மாதிரி கிளம்பிவிட்டது. அந்தப் பஞ்சு ரத்தத் தண்ணியை முன்னைவிட அதிகமாக உறிஞ்சியது. இரும்பு போல்ட்டுகள் துரு ஏறின, பம்புக்குப் போகும் ஒயரின் முனை பச்சையாகிவிட்டது. பவுடர் கெட்டது என்று சொல்லமாட்டேன், நாங்கள் போட்ட விதம்தான் கெட்டது. நல்ல புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். 20 லிட்டர் வாளிக்கு 6 கிராம், அதாவது குவித்து ஒரு டீஸ்பூன் போட்டால் 100 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு குளோரின் வந்துவிடும். தளம், பெட்டி கழுவ அது போதும். ஆனால் ரத்தமும் வழவழப்பும் இருக்கிற இடத்தில் ஊற்றினால் குளோரின் அதனோடேயே தீர்ந்துபோகும். முதலில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, அதற்குப் பிறகுதான் பிளீச்சிங் தண்ணி. பத்து நிமிடம் விட்டுவிட்டு நல்ல தண்ணியில் அலசிவிட வேண்டும். இந்த வரிசையை மாற்றினதிலிருந்து பவுடர் செலவு குறைந்தது, பலகையும் தப்பித்தது.

மீன் கவிச்சிக்குப் புளி அருமையான பொருள். மீன் கழுவின கையில் அம்மா புளி தேய்ப்பது ஏன் என்று சின்ன வயதில் யோசித்ததில்லை. மீன் கெடக் கெட அதில் உண்டாகும் டிரைமெத்திலமைன் காரத்தன்மை உள்ளது. புளிப்பு பட்டால் ஆவியாகாத உப்பாக மாறிவிடும், மூக்குக்கு எட்டாது. பிளாஸ்டிக் பெட்டி, கத்தி, கை மூன்றுக்கும் இன்றைக்கும் புளித்தண்ணியோ வினிகரோதான். ஆனால் 2017-ல், புளித்தண்ணி ஊற்றின பலகையை அலசாமலே பிளீச்சிங் தண்ணி ஊற்றிவிட்டோம். குபீரென்று வந்த நெடியில் மூன்று பேரும் இருமிக்கொண்டே மேலே ஏறினோம். எனக்கு இரண்டு நாள் தொண்டை எரிந்தது. புளிப்பும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். திருக்கையும் சுறாவும் ஏற்றி வந்த அறையில் இன்னொரு தொல்லை இருக்கிறது. அவற்றின் உடம்பில் யூரியா அதிகம், கெட்டால் அம்மோனியாவாகிக் கண்ணைக் கரிக்கும். அதன்மேல் நேராகப் பிளீச்சிங் ஊற்றினாலும் விஷப்புகைதான். முதலில் வெறும் தண்ணி, நிறைய தண்ணி.

இத்தனை செய்தும் அழுகின முட்டை வாடை போகவில்லை. 2018 தடைக்காலத்தில் படகைக் கரையேற்றியபோதுதான் காரணம் கையில் கிடைத்தது. இன்ஜின் ரூமில் தரைப் பலகையைக் கழற்றி, ஆசாரி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குப்புறப் படுத்தார். ஒவ்வொரு வங்குக்கும் அடியில், ஏரா என்கிற அடி நடுமரத்தை ஒட்டி, தண்ணி ஓட விரல் பருமனுக்குத் துளை விட்டிருப்பார்கள். தண்ணி இரண்டு வங்குக்கு நடுவிலுள்ள ஒரு கட்டிலிருந்து அடுத்த கட்டுக்கு ஓடி, கடைசியில் பம்ப் இருக்கிற குழிக்கு வர வேண்டும். அவர் ஒரு கம்பியை விட்டுக் குத்தினார். வெளியே வந்தது கன்னங்கரேலென்ற குழம்பு. செதில், நைலான் நூல், கொட்டின சோறு, துணிப் பிசிறு, எல்லாம் கிரீஸில் ஊறிக் களிமண்ணாகக் கிடந்தது. பதினோரு துளையில் ஒன்பது அடைத்திருந்தது. பம்ப் தன் குழியை மட்டும் இறைத்துக்கொண்டிருக்க, முன்னால் ஒவ்வொரு கட்டிலும் மாதக் கணக்கில் தண்ணி தேங்கியிருக்கிறது.

கடல் தண்ணியில் லிட்டருக்கு கிட்டத்தட்ட 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. காற்றுப் படாமல் தேங்கினால் ஒருவகைப் பாக்டீரியா அந்தச் சல்ஃபேட்டை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடை விடும். முட்டை நாற்றம் அதுதான். மேலே டீசல் படலம் மிதந்தால் காற்று இன்னும் உள்ளே போகாது, வேலை இன்னும் வேகமாக நடக்கும். டீசல் ஒழுகலும் முட்டை வாடையும் தனித்தனிப் பிரச்சினை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மிஞ்சின டீசல் டேங்குக்குத் திரும்புகிற ரிட்டர்ன் பைப்பில் இருந்த சொட்டலை நிறுத்தி, இன்ஜினுக்கடியில் ஒரு தகரத் தட்டு வைத்த பிறகு இரண்டும் சேர்ந்து குறைந்தன. தட்டில் விழும் எண்ணெயைப் பழைய போர்வைத் துண்டில் ஒற்றி, கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுக்கிறோம். சோப்பைக் கலந்து பம்ப் வழியே வெளியே தள்ளினால் எண்ணெய் மறைந்த மாதிரி தெரியும், ஆனால் நாம் பிழைக்கிற தண்ணியில்தான் கலக்கிறது.

துளைகள் மறுபடி அடைக்காமல் இருக்க ஆசாரி சொன்ன வழி ஒன்று. எல்லாத் துளை வழியாகவும் ஒரே நைலான் கயிற்றைக் கோத்து, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, இரண்டு முனையையும் கைக்கு எட்டும்படி கட்டிவிட்டோம். ஒவ்வொரு தங்கலும் முடிந்து திரும்பும்போது ஒருவன் முன்னால் அணியத்துப் பக்கம் நின்று இழுப்பான், மற்றவன் பின்னாலிருந்து இழுப்பான், இருபது தடவை. முடிச்சு துளைக்குள் போய் வந்து அடைப்பைத் தள்ளிவிடும். கயிறு 200 ரூபாய்கூட ஆகவில்லை. இத்தனை வருடத்தில் வாடைக்காக நான் செய்த செலவிலேயே அதிகப் பலன் கொடுத்தது இந்தக் கயிறுதான்.

மிதவை சுவிட்ச் வைத்த தானியங்கிப் பம்பும் வாங்கினேன். நல்ல பொருள். ஆனால் அது எப்போதும் அடியில் இரண்டு விரல் தண்ணியை விட்டுவிடும், நாற்றம் அந்த இரண்டு விரலில்தான். படகு ஒரு வாரத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் ஸ்பாஞ்ச் வைத்து ஒற்றி எடுத்துவிட்டு, நல்ல தண்ணியில் ஒருமுறை அலசி, அதையும் ஒற்றிவிடுகிறோம்.

மீன் அறையில் சிக்கல் வேறு. எல்லாம் கழுவின பிறகும் இடது மூலையில் மட்டும் ஒரு புளித்த வாடை. 2020-ல் அந்த இடத்து ஃபைபரைத் தட்டிப் பார்த்தால் மற்ற இடம் 'டொக்' என்றது, இங்கே 'பொத்' என்றது. ஒரு சாண் சதுரம் வெட்டி எடுத்தோம். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய ஃபோம் டீத்தூள் நிறத்தில் நனைந்து கிடந்தது. பிழிந்தால் தண்ணி வந்தது. தலைமுடி அளவு விரிசல் வழியாக ஐஸ் உருகின ரத்தத் தண்ணி வருடக்கணக்கில் இறங்கியிருக்கிறது. அதற்கு எந்த மருந்தும் இல்லை. நனைந்த ஃபோம் முழுவதையும் காய்ந்த இடம் வரும் வரை வெட்டியெடுத்து, புதிதாக அடைத்து, மேலே ஃபைபர் போட்டு மூடினோம். ஐஸும் முன்னைவிட நின்றது, ஏனென்றால் நனைந்த ஃபோம் குளிரைப் பிடித்து வைக்காது. மரத் தடுப்புகளையும் அந்த வருடமே எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறினேன்.

மீன் இறக்கினதும் துறைமுகத் தண்ணியை மோட்டார் வைத்து அடித்து அறையைக் கழுவுவது நம் பழக்கம். அந்தத் தண்ணியின் நிறத்தை ஒரு நிமிடம் நின்று பார்த்தால் போதும். கழுவுகிறோம் என்று நினைத்து, ஆயிரம் படகின் கழிவை உள்ளே விடுகிறோம். இப்போது தளம், கூடை, பெட்டி எல்லாம் வெளிக்கடலிலேயே கழுவிவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். மீன் இறக்கின பின் அறைக்குக் குழாய்த் தண்ணி மட்டும், இரண்டு பீப்பாய். தண்ணிக்குக் காசுதான், ஆனால் மறுநாள் மூடியைத் திறக்கும்போது வித்தியாசம் தெரியும்.

நுண்ணுயிர்த் திரவம் என்று கேனில் விற்பதை இரண்டு வருடம் பயன்படுத்தினேன். மூன்று வாரத்தில் அடித்தண்ணியின் வழவழப்பு குறைந்தது உண்மை. துளைகள் திறந்திருந்தால்தான் பலன், பிளீச்சிங் பட்டால் அதுவும் செத்துவிடும். கயிறு வந்த பிறகு அது தேவைப்படவில்லை. கரித்துண்டு, காபித்தூள் இரண்டும் படகுக்குக் காணாது.

கேபினில் குற்றவாளி மெத்தை. கடல் தண்ணி பட்ட ஃபோம் மெத்தை காயவே காயாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக நீர் கோத்துக்கொள்ளும், நம் கடற்கரையில் விடியற்காலையில் அது சாதாரணம். எத்தனை வெயிலில் போட்டாலும் ராத்திரி திரும்ப நசநசக்கும். மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் பாயும் துவைக்கிற போர்வையும் வைத்தோம். துவைப்பது நல்ல தண்ணியில் மட்டும். அதோடு முன்னால் ஒரு காற்றுவழி, பின்னால் ஒரு காற்றுவழி. ஒன்று மட்டும் இருந்தால் காற்று நுழையாது, போகவும் செய்யாது.

2019-ல் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படகு இருபது நாள் மூடியே கிடந்தது. அக்கா மகன் பம்பைப் பார்க்க அடியில் இறங்கினான். ஐந்தே நிமிடத்தில், "மாமா, இப்ப நாத்தமே இல்ல" என்று குரல் கொடுத்தான். அவன் சந்தோஷமாகத்தான் சொன்னான். நான் கையைப் பிடித்து மேலே இழுத்தபோது தலை சுற்றிக் கால் துவண்டிருந்தது. ஹைட்ரஜன் சல்ஃபைட் அளவு ஏறினால் முதலில் மூக்கை மரத்துப் போகச் செய்துவிடும், பிறகுதான் ஆளைச் சாய்க்கும். காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். மூடிக் கிடந்த படகில் எல்லா மூடியையும் திறந்து, ஃபேன் வைத்து வெளிக்காற்றை நன்றாக அடிக்கவிட்ட பிறகே இறங்குங்கள். ஒருவர் கட்டாயம் மேலே நிற்க வேண்டும். உள்ளே ஒருவன் விழுந்தால் காப்பாற்ற இன்னொருவன் குதிக்கக் கூடாது, இரண்டு உயிர் போய்விடும். குசினி சிலிண்டர் கசிந்தாலும் அந்த வாயு அடியில்தான் போய்த் தங்கும். அந்த வாடை வந்தால் பம்ப் சுவிட்சைத் தொடவே தொடாதீர்கள், ஒரு பொறி போதும்.

இந்த வருடம் தடைக்காலம் முடிந்து கேபினைத் திறந்தபோது பெயிண்ட் வாசனையும் லேசான டீசலும்தான். ஒரு இடம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியேறுகிற இடத்தில் கடல் தண்ணியை அடைத்து நிறுத்துகிற கிளாண்ட் கொஞ்சம் சொட்டித்தான் ஆக வேண்டும், அந்தத் தண்ணி விழுகிற பள்ளம் என் கயிற்றுக்கு எட்டாது. அடுத்த ஏப்ரலில் அந்தப் பள்ளத்தை ஃபைபரால் மேடேற்றி, பம்ப் குழிக்குச் சரிவு கொடுப்பதாக ஆசாரியிடம் பேசியிருக்கிறேன். அதுவரை நாலு நாளுக்கு ஒருமுறை நானே ஸ்பாஞ்சோடு இறங்குகிறேன்.