உதயசூரியனா, பானையா: கூட்டணிக்குள் சின்னத்தைத் தேர்வது

தி.மு.க. தலைமையிலான கூட்டணியில் இடம்பெறும் சிறிய கட்சிகளுக்கு, தொகுதிப் பங்கீடு முடிந்த கையோடு இன்னொரு கேள்வி எழுகிறது: உதயசூரியனில் நிற்பதா, தனிச்சின்னத்தில் நிற்பதா? விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் தொண்டனான நான் தனிச்சின்னத்தின் பக்கம் நிற்பவன். சிதம்பரம் தொகுதியில் எங்கள் பானைச் சின்னத்துக்காக வீடு வீடாக வாக்குக் கேட்டவன் என்பதால், இந்த அலசலை நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

உதயசூரியனின் வலிமையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் விழுப்புரத்தில் அச்சின்னத்தில் நின்ற எங்கள் கட்சியின் ரவிக்குமார் 1,28,068 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சிதம்பரத்தில் பானையில் நின்ற எங்கள் தலைவர் திருமாவளவன் 3,219 வாக்குகளில் கரையேறினார். ஒரே கூட்டணி, ஒரே அலை, இரண்டும் தனித்தொகுதிகள். எதிர்வேட்பாளரும் களமும் வேறு என்பதால் முழு வேறுபாட்டையும் சின்னத்தின் கணக்கில் எழுத இயலாது. ஆனால் வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம்கூட இல்லாத நிலையில் கைக்கு வந்த சின்னத்தை ஊர் ஊராகக் கொண்டுசேர்ப்பது எத்தகைய பாடு என்பதை அந்தத் தேர்தலில் வேலைசெய்த எவரும் அறிவர். அதற்கு முன்பு நட்சத்திரம், மெழுகுவர்த்தி, மோதிரம் என்று சின்னம் மாறிக்கொண்டே வந்ததால், சென்ற முறை எழுதிய சுவரை இந்த முறை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் தனிச்சின்னத்தை ஆதரிப்பதற்குக் காரணம், மாநிலக் கட்சி என்று தேர்தல் ஆணையம் தரும் அங்கீகாரம் ஒன்றுதான். உதயசூரியனில் வெல்பவர் எந்தக் கட்சியின் மேடையில் பேசினாலும், தேர்தல் ஆணையத்தின் ஏட்டிலும் சட்டமன்றப் பதிவிலும் அவர் தி.மு.க. உறுப்பினர். 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வின் கணக்கில் காட்டப்பட்ட 133 இடங்களில் எட்டு தோழமைக் கட்சிகளுடையவை. ம.தி.மு.க. ஆறு தொகுதிகளில் உதயசூரியனில் நின்று நான்கில் வென்றது. அந்த நான்கில் ஒன்றுகூட அதன் அங்கீகாரக் கணக்கில் சேரவில்லை. நாங்களும் ஆறில் நின்று நான்கில்தான் வென்றோம். ஆனால் காட்டுமன்னார்கோவில், திருப்போரூர், செய்யூர், நாகப்பட்டினம் ஆகிய நான்கும் பானையின் பெயரிலேயே பதிவாயின.

அந்த நான்கும் அங்கீகாரத்துக்குப் போதவில்லை என்பது உண்மை. சட்டமன்ற இடங்களில் 3 சதவீதம் அல்லது மூன்று இடங்கள், இவற்றில் எது கூடுதலோ அதை வெல்ல வேண்டும் என்பது விதி. 234-இல் 3 சதவீதம் 7.02; பாதியைத் தாண்டாத பின்னம் கணக்கில் வராததால் ஏழு இடங்கள் தேவை. ஆறு தொகுதிகளை மட்டும் பெற்ற கட்சி ஆறிலும் வென்றாலும் அந்தக் கோட்டை எட்டாது. மக்களவைக்கோ 25 தொகுதிகளுக்கு ஓர் உறுப்பினர், மிச்சத்துக்கும் ஒருவர் என்ற கணக்கில் தமிழ்நாட்டின் 39-க்கு இருவர் போதும். 2024-இல் சிதம்பரத்தையும் விழுப்புரத்தையும் பானையிலேயே சந்தித்தது அதனால்தான் சரியான உத்தி என்கிறேன். சிதம்பரத்தில் வித்தியாசம் 1,03,554 ஆக உயர்ந்தது. விழுப்புரத்தில் 70,703 ஆகக் குறைந்தது. அந்தக் குறைவை நான் மறைக்க விரும்பவில்லை; மாநிலக் கட்சி என்ற அங்கீகாரத்துக்கு அது கொடுக்கத் தகுந்த விலை. ஒருவரை மீண்டும் உதயசூரியனில் நிறுத்தியிருந்தால், இருவரும் வென்றிருந்தாலும் அங்கீகாரம் கிடைத்திருக்காது.

அங்கீகாரம் வந்ததும் அன்றாடத் தேர்தல் வேலையே மாறுகிறது. சின்னம் கட்சிக்கென்றே ஒதுக்கப்பட்டுவிடுவதால் முந்தி விண்ணப்பித்தவர் அதைக் கொண்டுபோக முடியாது. 2024-இல் நாம் தமிழர் கட்சி கரும்பு விவசாயியை இழந்து ஒலிவாங்கியில் நிற்க நேர்ந்ததை எல்லோரும் பார்த்தோம். வேட்புமனுவுக்குப் பத்து முன்மொழிவோர் வேண்டாம், ஒருவர் போதும். வாக்கு இயந்திரத்தில் அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் பெயர்களே முதலில் வருவதால், பட்டியலின் நடுவில் வேட்பாளரைத் தேடும் முதியவர்களின் சிரமமும் குறைகிறது. நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலும் இருபதிலிருந்து நாற்பதாகிறது.

கொள்கைப் பக்கமும் உண்டு. பெரிய கட்சியின் சின்னத்தில் வென்றவரை அந்தக் கட்சிக் கொறடாவின் உத்தரவு கட்டுப்படுத்தும். மீறினால் கட்சித் தாவல் தடைச் சட்டம் பாயும். 2001-இல் கடலூர் மாவட்டத்து மங்களூர் தொகுதியில் உதயசூரியனில் வென்ற திருமாவளவன் 2004-இல் அந்தச் சட்டமன்ற உறுப்பினர் பதவியை விட்டு விலகியதை நாங்கள் மறக்கவில்லை.

எல்லாத் தோழமைக் கட்சிகளுக்கும் இதையே பரிந்துரைப்பேனா என்றால், தயக்கம் உண்டு. எங்கள் வாக்கு வடமாவட்டங்களிலும் காவிரிப் படுகையிலும் திரண்டு கிடக்கிறது. கிளைதோறும் புதிய சின்னத்தைக் கொண்டுசேர்க்கத் தொண்டர்கள் இருக்கிறார்கள். அந்த அடித்தளம் இல்லாமல் கொங்குப் பகுதியில் ஒரே தொகுதியைப் பெறும் கட்சி, வெற்றி முக்கியமென்று உதயசூரியனை ஏற்பதைக் குறை சொல்லும் அளவுக்கு அங்குள்ள களத்தில் எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் எங்கள் கட்சி சட்டமன்றப் பங்கீட்டுக்கு உட்காரும்போது, சின்னம் உறுதியாகிவிட்ட பிறகு பேச வேண்டியது எண்ணிக்கையைப் பற்றித்தான். ஏழு வெற்றிக்கு வழியுள்ள தொகுதிப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும்.