பற்றில்ஸின்ட 'அட்லஸ்' ரெக்கோட், கிளிநொச்சியில கேட்டுப் பாத்தது

2007ல வந்த ரெக்கோட்தான், ஆனா என்ட கைக்கு வந்தது போன மாசம், அதால எனக்கு இது புதுசு. பற்றில்ஸ் நியூயோர்க் குழு, வெளியிட்டது வார்ப் எண்ட இங்கிலாந்துக் கொம்பனி, 12 இஞ்சி சிங்கிள். ஒரு பக்கம் 'அட்லஸ்', மற்றப் பக்கம் அதே பாட்டை ஜெர்மன்காரர் டிஜே கோசே ரீமிக்ஸ் செய்தது, அதாவது தன்ட பாணியில மாத்திச் செய்தது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு கனடாவில இருந்து வந்த பெரியப்பான்ட மகன் உடுப்புகளுக்கு நடுவில வச்சு பத்திரமாக் கொண்டுவந்து தந்தவர், அட்டையின்ட ஒரு மூலை மட்டும் நசுங்கிப் போச்சு, தட்டுக்கு ஒண்டும் இல்ல.

பிளேயரும் அங்க இருந்து வந்ததுதான். ஆராவது கொண்டுவாறதெண்டா அங்க 120 வோல்ட், இஞ்ச 230, அடாப்டரில 100-240 எண்டு போட்டிருக்கோ எண்டு பாத்துட்டுச் சொருகுங்கோ.

சரி பாட்டுக்கு வாறன். முதல் வாறது ட்றம்ஸ்தான், வேற ஒண்டும் இல்ல. அந்த அடியை எப்பிடி விளங்கப்படுத்துறது எண்டு யோசிச்சன், தவில்காரர் சொல்லுற மாதிரி "தகிட தகிட" எண்டு வாயால சொல்லுங்கோ, இப்ப நடுவில இருக்கிற 'கி'யை விழுங்கிப்போட்டு அந்த இடத்தை வெறுமையா விட்டுச் சொல்லுங்கோ, த-ட த-ட த-ட, அவ்வளவுதான் அந்த நடை. இங்கிலிசில ஷஃபிள் எண்டுவினம், எங்களுக்கு அது திஸ்ரம். அடிக்கிறவர் ஜோன் ஸ்ரேனியர், முந்தி ஹெல்மெற் எண்ட குழுவில அடிச்சவர். அவர் ஒரு சிம்பலை தலைக்கு மேல, கையை முழுசா நீட்டினாத்தான் எட்டுற உயரத்தில வச்சிருப்பார், வீடியோவில பாருங்கோ. அந்த உயரத்தில இருக்கிறதால சும்மா சும்மா அதில அடிக்க ஏலாது, அடிக்கேக்க உடம்பு முழுக்க எழும்பித்தான் அடிக்கோணும், அது சத்தத்திலயே தெரியுது.

மற்றவை கிற்றாரிலயும் கீபோட்டிலயும் ஒரு சின்னத் துண்டை வாசிச்சு, அது திரும்பத் திரும்ப ஓடுற மாதிரி லூப்பில விட்டுட்டு அதுக்கு மேல இன்னொண்டு, அதுக்கு மேல இன்னொண்டு எண்டு ஏத்திக்கொண்டே போவினம். லூப் மெசின், களைக்காது. ஸ்ரேனியர் மனிசன், ஆனா அந்த மெசினோட ஏழு நிமிசம் கிட்ட ஒரே பிடியில நிண்டு அடிக்கிறார். எனக்கு இந்தப் பாட்டு பிடிச்சதுக்குக் காரணமே அதுதான்.

குரல் பாடினது ரையோண்டாய் பிராக்ஸ்ரன். சொல்லு ஒண்டும் பிடிபடாது, குரலை மெசினால மேல ஏத்தி சின்னப் பிள்ளையள் மாதிரி கீச்சுக் குரலா ஆக்கி வச்சிருக்கினம். அம்மா குசினிக்க இருந்து எட்டிப் பாத்து "ஆரடா சைக்கிளை இப்பிடி விசர்த்தனமாச் சுத்துறது?" எண்டு கேட்டா. எனக்கு நெஞ்சுக்க என்னவோ செய்தது. 90களில பொருளாதாரத் தடை இருந்த காலம், கரண்ட் இல்ல, பற்றறியும் வராது, அப்பா சைக்கிளைக் கவிட்டு வச்சு டைனமோ வயரை கசெட் பிளேயருக்குக் குடுத்துட்டு எங்களை ஆள்மாறி ஆள் பெடலைக் கையால சுத்த விடுவார். கை களைச்சா பாடுறவரின்ட குரல் தடிச்சு இழுபடும், ஆராவது அவதியில விரைவாச் சுத்தினா இதே கீச்சுக் குரல்தான். ஒரே சீராச் சுத்தோணும், பாட்டு ஓடுறதே அதிலதான். எங்கட அண்ணை மட்டும்தான் ஒரு பாட்டு முழுக்க குரல் மாறாமல் சுத்துவார், ஸ்ரேனியர் அடிக்கிறதைக் கேக்க எனக்கு அண்ணையின்ட வியர்த்த முதுகுதான் ஞாபகம் வந்தது.

சத்தம் நல்ல துப்புரவு. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டுத்தான் எண்டதால தட்டில கோடுகளுக்கு இடம் தாராளமா இருக்கு, அடி நல்ல தடிப்பாக் கேக்குது. ஆனா பிளேயரோட வாற குட்டி ஸ்பீக்கரில கேட்டா பாதி இல்ல, காலால அடிக்கிற பெரிய கிக் ட்றம் செத்துப்போகும், வெளி ஸ்பீக்கர் ஒண்டுக்குக் குடுங்கோ. போன்ல இந்தப் பாட்டை முந்தி எத்தினையோ தரம் கேட்டனான், அப்ப அந்தக் குரல்தான் காதில நிண்டது, இதில தான் அடி எவ்வளவு பாரம் எண்டு விளங்கினது.

இஞ்சத்த வெக்கைக்கு ரெக்கோட்டை யன்னலுக்குப் பக்கத்தில வைக்காதேங்கோ, படுக்கவும் வைக்காதேங்கோ, நிமித்தி வையுங்கோ, இல்லாட்டி வளைஞ்சிடும். செம்மண் புழுதி வேற, ஒவ்வொரு தரமும் துடைச்சிட்டுத்தான் ஊசியை வைக்கிறன், துடைக்காட்டி பொரியிற சத்தம்தான் கூடக் கேக்கும்.

மற்றப் பக்கம் ரீமிக்ஸ். கெட்டித்தனமாத்தான் செய்திருக்கிறார், டான்ஸ் ஆட விருப்பமான ஆக்களுக்குப் பிடிக்கும். எனக்கு அதில ஸ்ரேனியர் அடிக்கிற பாரம் குறைஞ்சு போன மாதிரி இருந்தது, ரெண்டு தரம் கேட்டன், பிறகு முதல் பக்கத்துக்கே திருப்பிப் போட்டுட்டன். அண்ணை வாற கிழமை வவுனியாவில இருந்து வாறார், அவருக்கு ஒண்டும் சொல்லாமல் போட்டுக் காட்டப்போறன்.